கத்தியும் காயும் பாக்கெட்டும்: தென்னாற்காட்டில் தலைமுடி வணிகம் யார் கைக்குப் போனது?

1. கேள்வி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் அது. வழியிலும் மேலேயும் உள்ள பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. சிலவற்றின் மேல் சீயக்காய்ப் படம், சிலவற்றின் மேல் நெல்லிக்காய்ப் படம். காயும் கொட்டையும் மூட்டையாக இறங்கிப் போன மலைக்கு, அந்தக் காய் படமாக ஏறி வருகிறது.

கீழே நகரத்திலும் இதற்கு இணையான ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முடி திருத்துவோர் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார்கள், பொடுகுக்குப் பற்று அரைத்துப் போட்டார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று கண்ணாடிக் கதவு போட்ட நிலையங்களில், ஏதோ ஒரு நிறுவனத்தின் குப்பியை வாடிக்கையாளரிடம் பரிந்துரைத்து, அதற்கான ஊக்கத்தொகையை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

உலகின் வேறு சில இடங்களில் பாதை வேறாக இருந்தது. லண்டனின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வளர்ந்த விடால் சசூன் முதலில் முடி வெட்டினார். அவர் பெயரில் ஷாம்பு வந்தது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் துணி வெளுத்துப் பிழைத்த கறுப்பினப் பெண் மேடம் சி. ஜே. வாக்கர் (1867–1919) தன் தலையில் முடி கொட்டியதற்கு மருந்து தேடப் போய் ஒரு தொழிலகத்தையே கட்டினார். ஆயிரக்கணக்கான பெண்களை முகவர்களாகப் பயிற்றுவித்தார். வட இந்தியாவின் முடி அலங்கார நிலைய முதலாளி ஜாவேத் ஹபீபின் பாட்டனார் வைஸ்ராய்களுக்கும் பிறகு நேருவுக்கும் முடி திருத்தியவர். இந்த மூன்றிலும் தலையைத் தொட்ட கையிலிருந்து வணிகம் கிளம்பியது. தமிழ்நாட்டிலோ முதலில் பாக்கெட் வந்தது. பாக்கெட் ஈட்டிய முதலைக் கொண்டு நிலையம் வந்தது. அந்த நிலையத்துக்குள் கூலிக்குக் கை வந்தது. இந்தத் தலைகீழ் வரிசை ஏன் ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. வழக்கிலுள்ள இரண்டு விளக்கங்கள்

இந்தத் துறையைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் வலுவாக நிலைபெற்றிருக்கின்றன. முதலாவது மேலாண்மைப் பாடநூல்கள் சொல்வது: பணக்காரர் வீட்டுக் குளியலறையில் குப்பியில் அடைபட்டிருந்த ஷாம்புவைச் சிறு பாக்கெட் ஏழையின் கைக்குக் கொண்டுவந்தது, எனவே அது ஒரு சனநாயகமயமாக்கம். இரண்டாவது, நகர வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் சொல்வது: குளிரூட்டப்பட்ட அழகு நிலையம் முடி திருத்தும் தொழிலைச் சாதியிலிருந்து விடுவித்தது, இன்று எந்தச் சாதிப் பிள்ளையும் கூச்சமின்றிக் கத்தரிக்கோலைப் பிடிக்கலாம்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே வாங்குபவர் பக்கமிருந்தும் முதலீட்டாளர் பக்கமிருந்தும் மட்டும் பார்க்கின்றன. காயைப் பறித்தவரும் கத்தியைப் பிடித்தவரும் இந்தக் கதைகளில் வருவதில்லை. அவர்களை உள்ளே கொண்டுவந்தால் சித்திரம் மாறுகிறது.

3. அடைப்பத்துக்குள் இருந்த மருத்துவம்

முடி திருத்துபவரின் பைக்கு அடைப்பம் என்று பெயர். அதில் சவரக்கத்தி, சாணைக்கல், கத்தி தீட்டும் தோல்வார், தண்ணீர்க் கிண்ணம், நகம் வெட்டும் சிற்றுளி, காதழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கி, ஒரு படிகாரக் கட்டி ஆகியவை இருக்கும். படிகாரம் தோலைச் சுருக்கி, கத்தி கீறிய இடத்தில் ரத்தத்தை நிறுத்தும். அந்தக் கட்டியே இந்தத் தொழில் மருத்துவத்தோடு ஒட்டிப் பிறந்தது என்பதற்குச் சான்று. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, எண்ணெய் காய்ச்சுவது எல்லாம் இதே கையின் வேலைகள். பெண்கள் பேறுகாலம் பார்த்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இச்சமூகத்தின் அறுவை மருத்துவமும் மருத்துவச்சித் தொழிலும் பதிவாகியுள்ளன. மருத்துவர், நாவிதர், பண்டிதர் என்று இச்சமூகத்துக்கு வழங்கும் பெயர்களில் இரண்டு அறிவைக் குறிப்பவை.

ஆனால் இந்த அறிவுக்கு ஊர் கொடுத்த இடம் வேறு. கூலி களத்துமேட்டில் அளக்கும் நெல்லாக வந்தது. அதுவும் ஊர் மனம் வைத்தால். இழவு வீட்டுச் சடங்கு கடமையாக இருந்தது. கைராசிக்காரர் என்று பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட்ட வீட்டிலேயே திண்ணைக்கு மேல் ஏற அனுமதி இல்லை. நெல்லாகக் கிடைக்கும் கூலி அந்தப் பருவத்தோடு தின்று தீரும். முதலாகச் சேராது. இதைப் பின்னால் வரும் வாதத்துக்காக நினைவில் வைக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிவுக்கும் கைக்கும் நடுவே இன்னொரு பிளவு விழுந்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவப் பட்டத்தையே அங்கீகாரத்தின் அளவுகோலாக்கியது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1923இல் அறிக்கை தந்தது. அதையொட்டி நாட்டு மருத்துவத்துக்குப் பள்ளியும் பாடத்திட்டமும் வந்தன. அது தேவையான முன்னேற்றம்தான். ஆனால் ஏட்டுக் கல்வியும் சான்றிதழும் உள்ளே போக, பரம்பரையாகக் கையில் மட்டும் தொழிலை வைத்திருந்தவர் வெளியே நின்றார். இந்த இழப்பைக் கூர்மையாக உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆனந்தம் பண்டிதர். அவர் நடத்திய ‘மருத்துவன்’ இதழ் சித்த மருத்துவத்தையும் சமூக விடுதலையையும் ஒன்றாகவே பேசியது. இரண்டும் சேர வேண்டும் என்ற அவர் கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. மருத்துவம் ஒரு பக்கம் பட்டமாகப் போயிற்று. மறுபக்கம் கத்தி மட்டும் சலூனில் எஞ்சியது.

4. மலையிலிருந்து இறங்கிய காய்

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் எல்லைகளைத் தொட்டுப் பரந்திருக்கிறது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பெயரளவில் மலையை ஆள்பவர்கள். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. நீண்ட காலம் ஜாகீர்தார்களின் கீழ் இருந்த இந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024இல் இம்மக்களின் சாலை, மருத்துவம், கல்வி வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு நிர்வாகம் எவ்வளவு மெதுவாக மலையேறியது என்பதை அது காட்டுகிறது.

இம்மலையின் புகழ்பெற்ற விளைச்சல் கடுக்காய். அதிலுள்ள டானின் தோலைப் பதப்படுத்தும் என்பதால், கடுக்காய்க்குப் பெரிய சந்தை எப்போதும் தோல் பதனிடும் தொழிலாகவே இருந்துவந்தது. இதே டானின் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். கடுக்காயையும் நெல்லியையும் கரிசாலையையும் இரும்புச் சட்டியில் ஊறவைத்து நரைக்குத் தடவிய பாட்டிமார்கள் ஒரு வேதிவினையைத்தான் செய்தார்கள். பழைய கறுப்பு மைக்கும் இதுவே அடிப்படை.

சீயக்காயும் அரப்பும் அழுக்கெடுக்கும் வகை. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்புத்தூள். சீயக்காயில் சபோனின் இருக்கிறது. அதுதான் நுரையும் பொருள். காயை நன்றாக வெயிலில் போட வேண்டும். கையில் எடுத்து உடைத்தால் படக்கென்று முறிய வேண்டும். அதனோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத்தோல் சேர்த்து மில்லுக்குத் தூக்கிப் போனால், அரைக்கும்போது மில்லே தும்மும். தூளைச் சாதம் வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் நெருப்பு. அலச அலசத் துகள் முடியிலேயே தங்கும். குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை மறைத்துவிட்டுப் பழைமையைப் போற்றுவது நேர்மை ஆகாது. தண்ணீரைச் சுமந்தவர்கள் பெண்கள். காயவைத்து, இடித்து, சலித்தவர்களும் அவர்களே. ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதையும் விழுங்கிய இந்த வேலையை ஒரு பாக்கெட் சில நிமிடங்களாகச் சுருக்கியது. மலைப்பெண்ணும் அதை வாங்குவதில் விளம்பர மயக்கம் மட்டும் இல்லை. மிச்சமான நேரத்தின் கணக்கும் இருக்கிறது.

5. கடலூரில் பிறந்த பாக்கெட்

சிறு பாக்கெட் ஷாம்புவின் பிறப்பிடம் கடலூர் என்பது இக்கட்டுரையின் மையமான செய்தி. 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை கடலூரும் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையின் இப்பகுதியும் தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம். 2019 நவம்பர் 26இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆக, காய் விளைந்த மலையும் பாக்கெட் பிறந்த ஊரும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இருந்தவை.

கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் 1970களில் ஷாம்புவைச் சிறு பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கும் உத்தியைக் கண்டார். வெல்வெட் ஷாம்பு அவ்வழியில் வந்தது. அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் குடும்ப நிறுவனத்திலிருந்து விலகி 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கினார். அவருடைய ஷாம்புவுக்கு வைத்த சிக் என்ற பெயர் தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்து வந்தது. காலிப் பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும், மல்லிகை, ரோஜா மணங்களும், பின்னர் 50 காசு விலையும் அதைச் சிற்றூர்களுக்குள் கொண்டுபோயின. நிறுவனம் 1998இல் கெவின்கேர் ஆயிற்று. பன்னாட்டு நிறுவனங்களும் இவ்வழிக்கே வர நேர்ந்தது. சிறுநகரத் தமிழர் ஒருவர் உலக வணிகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. அதன் பெருமையைக் குறைக்க எந்த நியாயமும் இல்லை.

ஆனால் பாக்கெட்டுக்குள் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். இன்றைய ஷாம்புகளில் பெரும்பாலானவற்றில் நுரை தருவது சோடியம் லாரெத் சல்பேட் வகை வேதிப்பொருள். எண்ணெய்ப்பனையிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ அது வருகிறது, மலைக்காட்டிலிருந்து வருவதில்லை. மீரா போன்ற சீயக்காய்த்தூள்கள் காயையே பயன்படுத்தின என்றாலும், சந்தையின் பெரும்பகுதி திரவ ஷாம்புவின் பக்கம் சாய்ந்தது. காயின் பெயரும் நினைவும் மணமும் வணிகத்துக்குள் போயின. காய் போனது கொஞ்சமே. மலையின் பங்கு மூலப்பொருள் என்ற நிலையிலிருந்து படம் என்ற நிலைக்கு இறங்கியது.

இந்தத் துறையில் பொருளை விட அதன் மேல் ஒட்டும் பெயருக்கே மதிப்பு அதிகம் என்பதை ஒரு தீர்ப்பும் காட்டுகிறது. சிறு அளவில் அடைத்து விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலெண்ணெயா, தலை எண்ணெயா என்ற நீண்ட வரி வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. தலை எண்ணெய் என்று எழுதி விற்காதவரை, அடைப்பு சிறியது என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெயாகக் கருத முடியாது. ஒரே எண்ணெய்தான், எழுத்து மாறினால் வகை மாறுகிறது.

6. நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

பாக்கெட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்த பயணமும் அதே குடும்பத்துக்குள்தான். ரங்கநாதனின் சகோதரர் சி. கே. குமரவேலும் அவர் மனைவி வீணாவும் 2000இல் சென்னை காதர் நவாஸ் கான் சாலையில் நேச்சுரல்ஸ் நிலையத்தைத் தொடங்கினர். கெவின்கேர் தன் பங்குக்கு கிரீன் டிரெண்ட்ஸ் நிலையங்களை நடத்துகிறது. இவ்விரண்டும் உரிமக் கிளை முறையில் சிறு நகரங்கள்வரை பரவின. கிளை எடுத்தவர்களில் பெண்கள் பலர். வீட்டுக்குள் இருந்த பெண்களை முதலாளிகளாக்கியது இந்த முறையின் உண்மையான சாதனை.

நிலையத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர் முதலில் தலை அலசிவிடுவார், தரை கூட்டுவார், துண்டு மடிப்பார். பிறகு டிரையர் பிடிப்பார். பிறகு ஜூனியர் ஸ்டைலிஸ்ட், அதன்பின் சீனியர். சம்பளத்தோடு மாத இலக்கு உண்டு. இலக்கில் சேவைக்கு ஒரு பகுதி, குப்பி விற்பனைக்கு ஒரு பகுதி. நல்ல கை உள்ளவருக்கு வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் காத்திருப்பார்கள். ஆனால் வேலையை விட்டு விலகும்போது அந்தப் பெயரைத் தவிர அவர் எதையும் எடுத்துப்போக முடியாது.

அந்தக் கையைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஷாம்பு நீரில் ஊறி, விரலிடுக்குகளில் தோல் வெடித்திருக்கும். முடிச்சாயத்தில் உள்ள பாரா பினைலீன் டையமின், சுருக்கமாக பிபிடி, ஒவ்வாமையை ஏற்படுத்துவதில் பேர்போனது. சாயம் பூசிக்கொள்பவர் மாதமொருமுறை அதைத் தொடுகிறார். பூசுபவர் தினமும் தொடுகிறார். காதுக்குப் பின்னால் துளி வைத்து இரண்டு நாள் பார்க்கும் சோதனை வாடிக்கையாளருக்காகச் சொல்லப்படுகிறது. பூசுபவருக்கான காப்பு ஒரு கையுறை மட்டுமே. அதுவும் அவசரத்தில் பாதி நேரம் கழன்று கிடக்கும். நின்றே செய்யும் தொழில் என்பதால் கால் நரம்பு புடைப்பதும், கத்தரிக்கோல் பிடித்த மணிக்கட்டு வலிப்பதும் தனி.

தனிக்கடைக்காரரின் நிலை வேறு விதம். 2020 மார்ச் 25இல் முழு ஊரடங்கு வந்தபோது, ஒரு தலையைத் தொட்டால்தான் அன்றைய அரிசி என்றிருந்தவர்கள் அவர்கள். தொடுதலே தொழில் என்பதன் பலவீனம் அந்த மாதங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இன் கீழ் இயங்கும் முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடும் அப்போது புரிந்தது.

சாதி விடுதலை என்ற வாதத்தையும் இங்கே அளந்து பார்க்கலாம். மாநகர நிலையங்களில் வடகிழக்கு மாநில இளைஞர்களும் பல சாதிப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அந்த அளவில் அது உண்மை. ஆனால் சிற்றூர்ச் சலூனை நடத்துபவர் இன்னும் பெரும்பாலும் அதே சமூகத்தவர். தலித் மக்களுக்கு முடி வெட்ட மறுக்கும் ஊர்க் கட்டுப்பாடுகளும் தமிழ்நாட்டில் முற்றாக ஒழியவில்லை. சேவை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊருக்கு அஞ்சி மறுக்கும் கடைக்காரரும் ஒடுக்கப்பட்டவர்தான். அது மறுப்பை நியாயமாக்காது. தொழிலின் மேல்தளத்தில் சாதி தளர்ந்திருக்கிறது. அடித்தளத்தில் அது கெட்டியாகவே கிடக்கிறது.

7. மூன்று காரணங்கள்

தலைகீழ் வரிசைக்குச் சொல்லக்கூடிய காரணங்கள் மூன்று. முதலாவது முதலின்மை. களத்து நெல் முதலாகாது என்று மேலே பார்த்தோம். ஆனால் இது மட்டும் போதாது. சிக் தொடங்கிய 15,000 ரூபாயும் பெருமுதல் அல்ல. அந்தப் பணத்துக்குப் பின்னால் தொழில் நடத்திய குடும்பத்தின் அனுபவமும், எந்தக் கடைப்படியும் ஏறிச் சரக்கு கேட்கக்கூடிய சமூக நிலையும் இருந்தன. முடி திருத்துபவருக்கு அடைபட்டிருந்தது அந்தப் படி.

இரண்டாவது உரிமம். விற்பனைக்காக எண்ணெயோ தூளோ தயாரிப்பவர் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது. ஆயினும் கைப்பக்குவமாக மட்டும் அறிவை வைத்திருப்பவருக்கு அது உயரமான வாசல்.

மூன்றாவது காரணமே முக்கியமானது என்பது என் முடிவு. தமிழ்நாட்டில் ஷாம்புவின் சந்தை பெண்ணின் கூந்தல். முடி திருத்துபவரின் கத்தியோ ஆணின் தலையில் இயங்கியது. கைம்மை, முடிக்காணிக்கை போன்ற தருணங்கள் தவிர அவர் கை பெண்ணின் கூந்தலைத் தொடவில்லை. கூந்தல் பராமரிப்பு முற்றத்திலும் கிணற்றடியிலும் பெண்களிடையே நடந்தது. அந்த முற்றத்துக்குள் போயிருந்த ஒரே தொழில்முறைக் கை மருத்துவச்சியுடையது. மருத்துவமனைப் பிரசவம் வந்ததும் அவரும் வெளியேறினார். ஆக, பாக்கெட் வந்தபோது அந்த இடத்தில் போட்டியிட யாருமில்லை. சந்தை உருவான இடத்தில் கைவினைஞர் இல்லை. கைவினைஞர் இருந்த இடத்தில் அன்று சந்தை இல்லை.

8. இனி

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், அழகு நிலையச் சேவை ஆகியவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி 18இலிருந்து 5 விழுக்காடானது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு சலூன் ஏற்கெனவே வரிக்கு வெளியே இருப்பதால், அந்தச் சேவை வரிக் குறைப்பு அதற்கு நேரடியாக எதையும் தரவில்லை. பலன் பெரிய நிலையங்களுக்கே.

தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்காமல், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையின்றி 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரல் 19இல் குன்றத்தூரில் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். 1953இன் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற மண்ணில் இந்த வேறுபாடு அடிப்படையானது. ஆனால் நாற்காலியும் கண்ணாடியும் வாங்கக் கடன் கொடுப்பதோடு நின்றால், முடி திருத்துபவர் மறுபடியும் பிறர் குப்பியை விற்பவராகவே இருப்பார்.

செய்யக்கூடியது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் உடைமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. கடுக்காயும் சீயக்காயும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் உள்ளன. வெள்ளிமலையில் காயை உலர்த்தி, துகள் தங்காதபடி சன்னமாக அரைத்து, உரிமத்தோடு அடைக்கும் ஒரு கூட்டுறவு அலகு. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் சலூன்களின் அலமாரியில் அதற்கு ஓரிடம். விற்பனையில் பறித்தவருக்கும் விற்றவருக்கும் எழுத்தில் உறுதியான பங்கு. முடி திருத்துவோருக்குச் சாயம், தோல்நோய் பற்றிய சான்றிதழ்ப் பயிற்சியும் இதனோடு சேர வேண்டும். இன்று ஆண்களும் பெண்களும் ஒரே நிலையத்துக்கு வருகிறார்கள். அன்று சந்தைக்கு வெளியே நின்ற கை இன்று சந்தையின் நடுவிலேயே நிற்கிறது. மூன்றாவது காரணம் விலகிவிட்டது. மீதி இரண்டும் அரசும் கூட்டுறவும் மனம் வைத்தால் விலகக்கூடியவை. கச்சிராயபாளையம் சாலையில் இறங்கும் மூட்டைக்கும் நகரத்து நாற்காலிக்கும் இடையே ஒரு மலைப்பாதை தூரம்தான்.